ஜராரின் பெயரை வாசித்தபோது

மக்சூதாவுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். செத்துப்போன பிள்ளையின் பெயரை, வீட்டுக்கு வெளியே, நாலு பேர் நடுவில் யாராவது உரக்கச் சொல்ல வேண்டும். பொன்னா கேட்டாள், பொருளா கேட்டாள்? ஆனால் இங்கிலாந்தின் ரேவன்ஷா ஊரில் அதற்குத்தான் பஞ்சம்.

பிள்ளை ஜரார், பிரிட்டிஷ் ராணுவத்தில் லான்ஸ் கார்ப்பரல். ஆஃப்கானிஸ்தானில், ஹெல்மண்டில், கண்ணிவெடியில் போனான். உடல் ஊருக்கு வந்த அன்று ஜனாஸா தொழுகைக்கு ஒன்றரை வரிசை ஆள் நின்றது. யாரோ ஒருவரின் மாமியாருக்குத் தாய்மாமன் இறந்தாலும் தெருவை அடைத்துக் கார் நிறுத்துகிற கூட்டம்தான் அது. பள்ளிவாசல் செயலாளர் ஹாஜி தஸாவருக்கு அன்றைக்கென்று பர்மிங்காமில் தலைபோகிற வேலை வந்துவிட்டது. சந்தூக்குப் பெட்டிக்குத் தோள் கொடுக்க ஆள் போதாமல், பட்டாளத்துக்காரர்கள்தான் இறக்கி வைத்தார்கள்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை துஆவில் மௌத்தானவர்கள் பெயரை இமாம் ஒவ்வொன்றாகச் சொல்லும்போது, ஜராரின் பெயர் மட்டும் தொண்டையில் சிக்கிக்கொள்ளும். அப்பா மெஹர்பான் ஒருதரம் வாய்விட்டே கேட்டுவிட்டார்.

"பொதுவா எல்லா மௌத்துக்கும் சேர்த்துத்தானே பாய் துஆ கேக்குறோம்," என்றார் ஹாஜி. "உங்க புள்ள யாரைச் சுடப் போனான்னு ஊருக்கே தெரியும். எதுக்கு வம்பு?"

வெள்ளைக்காரர்கள் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? மெஹர்பான் டாக்ஸி ஓட்டுகிறவர். சனிக்கிழமை சாயங்காலம் ஏறுகிற குடிகாரன் ஒருவன், "உங்க ஆளுங்க எவனாவது இந்த நாட்டுக்காகச் சண்டை போட்டிருக்கானாய்யா?" என்று கேட்டான். மெஹர்பான் ஸ்டியரிங்குக்கு மேலே ஒட்டியிருந்த மகன் படத்தைக் காட்டினார். குடிகாரன் குனிந்து பார்த்தான்.

"சரிதான். எந்தப் பக்கம் நின்னு?"

பின்னால் இருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மெஹர்பான் அன்றே படத்தைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டார். இரண்டு பக்கமும் இடி என்றால் மத்தளம் வேறென்ன செய்யும்?

நவம்பர் ஞாயிறு அன்று ஊர்ச் சதுக்கத்தில் போர் நினைவுத்தூண் முன்னால் கூட்டம் கூடும். சட்டையில் சிவப்புக் காகிதப் பூ, பட்டாளத்து வாத்தியம், அப்புறம் மௌனம். ஜரார் போன இத்தனை வருஷமும் மெஹர்பான் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. அங்கே போய் நின்றால் பள்ளிவாசலில் மிச்சமிருக்கிற ஸலாமும் போய்விடும் என்ற பயம். இந்த வருஷம் முன்னாள் படைவீரர் சங்கத்துக் கிழவர் வீடு தேடி வந்தார். ஆஃப்கன் போரில் இறந்தவர்கள் பெயரையும் இந்தத் தடவை பாதிரியார் வாசிக்கப் போகிறார், பதக்கத்தைப் போட்டுக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மக்சூதாவால் மூட்டு வலியில் படி இறங்க முடியாது. "நீங்க போங்க. எப்படிச் சொல்றாங்கன்னு கேட்டுட்டு வந்து, அப்படியே எங்கிட்ட சொல்லுங்க," என்றாள்.

காலையில் அவளே அவருடைய கறுப்புக் கோட்டை எடுத்து, பெட்டியிலிருந்த மகனின் இரண்டு பதக்கங்களைக் குத்தினாள்.

"வலது பக்கம் குத்து. நல்லதெல்லாம் வலதுலதானே செய்யணும்."

"கல்பு இடது பக்கம்தான் இருக்கு. அவன் அங்கதான் இருக்கான்," என்றாள் மக்சூதா. ஊசியைக் கையில் வைத்திருப்பவளிடம் யார் வாதாடுவது?

இந்த நாட்டில் அதற்கு ஒரு முறை உண்டு. தன் பதக்கம் இடப்பக்கம்; இறந்துபோன பிள்ளையினுடையதோ பாட்டனுடையதோ என்றால் வலப்பக்கம். பதக்கப் பெட்டிக்குள் இதை எழுதி வைக்கவில்லை. கிழவரும் சொல்லவில்லை. வெள்ளைக்காரக் குழந்தைக்கே தெரிந்த விஷயத்தை யார் தனியாகச் சொல்வார்கள்?

வெள்ளைத் தாடியும் தொப்பியுமாக மெஹர்பான் கூட்டத்தின் ஓரத்தில் போய் நின்றார். பாதிரியார் மைக்கைத் தட்டினார். பெயர்கள் ஆரம்பமாயின. முதல் உலகப் போர், இரண்டாம் உலகப் போர் என்று நீண்டுகொண்டே போனது. மெஹர்பான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினார்.

அப்போது ஒருவன் போனை நீட்டிக்கொண்டு எதிரே வந்தான். டீன் ஹார்க்கர் என்று பெயர். பட்டாளத்தில் இருந்து வந்தவன். போலிப் பதக்கம் போட்டுத் திரிகிறவர்களைப் படம் பிடித்து இணையத்தில் மானத்தை வாங்குவது அவனுக்குப் பொழுதுபோக்கு.

"யோவ், எந்த ரெஜிமெண்ட்டு நீ?"

"உஷ்... தம்பி, கொஞ்சம் பொறுங்க. பேரு வாசிக்கிறாங்க."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. இடது பக்கம் குத்தியிருக்கியே, ஆஃப்கன் போர்ப் பதக்கம்தானே அது, ஹெல்மண்ட்ல நீ சண்டை போட்டியா? இந்த வயசுலயா? எந்தக் கடையில வாங்கின?"

"என் பையனோடது தம்பி..."

"பையனா! கழட்டுய்யா அதை! எங்க பசங்க ரத்தம் சிந்தி வாங்கினது. கழட்டுன்னு சொல்றேன்ல!"

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி தன் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள். ஒழுங்கு பார்க்க நின்ற இரண்டு பேர் மெஹர்பானின் முழங்கையைப் பிடித்து மருந்துக் கடைக்குப் பின்னால் கூட்டிப்போனார்கள். சங்கத்துக் கிழவர் மூச்சிரைக்க ஓடிவந்து இவர் யார் என்று சொல்லி முடித்தபோது, சதுக்கத்தில் மௌனமும் முடிந்திருந்தது.

வீட்டில் மக்சூதா கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"எப்படி?"

"முழுப் பேரையும். நல்லா, நிறுத்தி நிதானமா," என்றார் மெஹர்பான். முகத்தை அவளுக்குக் காட்டாமல் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பெற்ற பிள்ளையின் பெயருக்குக்கூடப் பொய் சொல்லும்படி ஆகிவிட்டதே என்று அவருக்கு நெஞ்சு எரிந்தது.

பொய்க்கு ஆயுசு ஒரு நாள்தான். மறுநாள் மக்சூதாவின் தங்கை பிராட்ஃபோர்டிலிருந்து அந்த வீடியோவை அனுப்பிவிட்டாள். சமையலறையிலிருந்து டீனின் கூச்சல் கேட்க, மெஹர்பான் ஓடிப்போய் போனைப் பிடுங்கப் பார்த்தார்.

"சும்மா இருங்க. கேளுங்க," என்றாள் மக்சூதா.

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டிருந்தாள். "கழட்டுய்யா" என்று அவன் கத்துகிறானே, அதற்கு அடியில், தூரத்தில், மைக்கில் ஒரு குரல்: லான்ஸ் கார்ப்பரல் ஜரார் ஹுசேன். 'ஜ'வைக் கொஞ்சம் மென்றுவிட்டார் பாதிரியார். ஆனாலும் சொல்லியிருந்தார்.

"நீங்க பொய் சொல்லலை. சொல்லியிருக்காங்க," என்றாள். அன்று முழுக்க அதையே திரும்பத் திரும்பப் போட்டாள். புருஷனைத் திட்டுவது அவள் காதில் விழவே இல்லை. குப்பையைத் தள்ளிவிட்டு அரிசி பொறுக்குகிறவள்போல, அந்த ஒரு பெயரை மட்டும் பொறுக்கிக்கொண்டாள்.

வீடியோ பள்ளிவாசலுக்கும் போனது. அன்றுவரை எட்டிப் பார்க்காத ஹாஜி தஸாவர், பத்துப் பேரும் மிட்டாய்ப் பெட்டியுமாக வந்துவிட்டார்.

"பார்த்தீங்களா பாய்? இவனுங்களுக்காகவா உங்க புள்ள உயிரைக் கொடுத்தான்? நாங்க அப்பவே சொன்னோம். இப்ப ஊரே உங்க பின்னாடி நிக்குது."

"என் பின்னாடி நிக்கிறது இருக்கட்டும். வெள்ளிக்கிழமை அவன் பேரைச் சொல்லுவீங்களா?"

ஹாஜி மிட்டாய்ப் பெட்டியின் நூலை அவிழ்ப்பதில் மும்முரமானார். வெள்ளிக்கிழமை துஆவில், காஃபிர்கள் கையால் அவமானப்பட்ட மெஹர்பான் சகோதரருக்காக இமாம் உருகி உருகிக் கேட்டார். பள்ளி நிறைய ஆமீன். ஜராரின் பெயர் வரவில்லை. பள்ளிவாசல் வாட்ஸ்அப் குழுவில் அவர்கள் சுற்றுக்கு விட்ட வீடியோவிலோ சத்தத்தை எடுத்துவிட்டு, சோகமாக ஒரு நஷீத் பாட்டை ஏற்றியிருந்தார்கள்.

சங்கத்துக் கிழவர் போனில் கூப்பிட்டு வருத்தம் தெரிவித்தார். அடுத்த வருஷம் பெயர் வாசிப்பது வேண்டாம் என்று முடிவாகிவிட்டதாம். "பொதுவா எல்லாருக்கும் சேர்த்து மௌனமா நின்னுடலாம்னு... எதுக்கு வம்பு, பாருங்க?" இதை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று நினைத்தபடி மெஹர்பான் போனை வைத்தார்.

அடுத்த ஞாயிறு வாசல் மணி அடித்தது. டீன் ஹார்க்கர், கையில் பெட்ரோல் பங்க்கில் வாங்கிய பூங்கொத்து. உள்ளே வரச் சொன்னதும் சோபா நுனியில் ஒட்டிக்கொண்டான்.

"எனக்குத் தெரியாதுங்க சார். உங்க பையன் ஹெல்மண்ட்ல போனான்னு சங்கத்துல சொன்னாங்க. நானும் அங்க இருந்தவன்தான். பதக்கம் இடது பக்கம் இருந்ததா, அதான் போலின்னு நினைச்சுட்டேன். வலது பக்கம் இருந்திருந்தா நான் வாயே திறந்திருக்க மாட்டேன்."

"என்ன சொல்றான்?" என்று கேட்டாள் ஆங்கிலம் எட்டாத மக்சூதா.

"மன்னிப்புக் கேக்குறான்," என்றார் மெஹர்பான். பக்கக் கணக்கை அவர் மொழிபெயர்க்கவில்லை. தாடி இல்லாத முகத்துக்குக் கீழே அதே பதக்கம் இடப்பக்கம் இருந்திருந்தால் இவன் போனை எடுத்திருப்பானா என்று கேட்க நாக்கு துடித்தது. மக்சூதா தேநீர்க் கோப்பையை அவன் பக்கம் நகர்த்தியதால் அடங்கினார்.

"அம்மாகிட்ட சொல்லுங்க சார், நேத்தே அந்த வீடியோவை அழிச்சுட்டேன். என் போன்லயும் இல்லை, எங்கயும் இல்லை. இனி ஒருத்தர் கண்ணுலயும் படாது."

மக்சூதா புருஷன் முகத்தையே பார்த்தாள். அவர் சொன்னார். அவள் மேசையிலிருந்த போனை எடுத்து, தங்கை அனுப்பியதைத் தொட்டாள். அது டீனின் இணையப் பக்கத்துக்குப் போகிற சுட்டி. திரை வெள்ளையாக நின்றது. இன்னொரு தடவை தொட்டாள்.

"ஏங்க அழிச்சான்? அதுலதானே என் புள்ள பேரு இருந்துச்சு? திரும்பப் போடச் சொல்லுங்க. உங்களை எவ்வளவு வேணும்னாலும் திட்டிக்கட்டும், திரும்பப் போடச் சொல்லுங்க!"

டீன் மிரண்டுபோய் எழுந்துவிட்டான். "அம்மா ஏன் அழுறாங்க சார்? நான்தான் எல்லாத்தையும் எடுத்துட்டேனே?"

மெஹர்பான் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். நீ கத்திக்கொண்டிருந்தபோது, அதற்கு அடியில் என் மகன் பெயரை வாசித்தார்கள். இவள் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

டீனின் முகம் சிவந்தது. பூங்கொத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் கை மாற்றினான். அப்புறம் மக்சூதாவைப் பார்த்து, உண்மையாகவே வருத்தப்பட்டு, தாழ்ந்த குரலில் கேட்டான்.

"பையன் பேரு என்ன சார்?"