காணாமல் போன மூன்று இலைகள்

மின்விசிறி போடாமல் வேலை செய்கிறவர்களுக்குக் கோபம் சீக்கிரம் வரும். தங்க ரேக்கு, அதாவது மெல்லிய தங்கத் தாள், ஒட்டுகிற இடத்தில் காற்று ஆகாது. தும்மினாலே ஒரு தாள் பறந்துவிடும். ஆக, என் கோபத்துக்குப் பாதிக் காரணம் புழுக்கம். மீதிப் பாதி என் வீட்டுக்காரர். பட்டறையில் மரவேலை அவருக்கு, தங்கம் எனக்கு.

காட்சிக்கூடத்திலிருந்து ஒரு பழைய படச்சட்டம் வந்திருந்தது. சதுரம். நான்கு பக்கமும் ஒரே மாதிரி இலைகள். மூன்று இலைகள் உடைந்திருந்தன. அவற்றைப் புதிதாக வடித்து, செம்மண் பூச்சு பூசி, ரேக்கு ஒட்டி, கல்லால் தேய்த்து மெருகேற்றி, பழைய தங்கத்தோடு சேரும்படி மங்கவைத்தேன். முதுகு ஒடிந்துவிட்டது. இது தேறினால்தான் கூடத்தின் கூரை வேலை எங்களுக்கு. தங்கக் கூரை. அண்ணாந்து பார்த்துப் பார்த்தே எனக்குக் கழுத்து சுளுக்கியிருக்கிறது, அத்தனை ஆசை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். புதிதாகச் செய்ததன் அடியில் மயிரிழை அளவு செம்மண்ணை மூடாமல் விடுவோம். பழையது எது, நம் கைவேலை எது என்று பின்னால் பார்க்கிறவர்களுக்குத் தெரியவேண்டும்.

கூடத்தின் பரிசோதகர் அம்மா வந்தார். பூதக்கண்ணாடியோடு சட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இதுல எதும்மா நீங்க செஞ்சது?"

பெருமையாகக் காட்டப் போனேன். செம்மண் கோட்டைக் காணோம். அடுத்த இலையிலும் இல்லை. வீட்டுக்காரரைப் பார்த்தேன். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

"அடியில செவப்பா விட்டுப் போயிருந்துச்சு. நீ அசந்து தூங்கிட்டிருந்தே. எதுக்கு எழுப்பணும்னு நானே ரேக்கு ஒட்டி மங்கவச்சுட்டேன்."

"அது விட்டுப் போனதில்லைங்க, விட்டு வச்சது! எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

சட்டம் வந்தபோது உடைந்த இலைகளை எடுத்த புகைப்படங்களைக் கேட்டேன். அதையும் அவர்தான் எடுத்திருந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு இலை மட்டும் படம் முழுக்க. எந்தப் பக்கம், எந்த மூலை, ஒன்றும் தெரியவில்லை. சட்டத்தையோ நான் மேசையில் திருப்பித் திருப்பிப் போட்டு வேலை செய்திருந்தேன், எது என் இலை என்று எனக்கே நினைவில்லை.

"எதுன்னு தெரியாம நான் எப்படி ஏத்துக்க முடியும்? கூரையையும் இப்படித்தான் செய்வீங்களா?" என்றார் அந்த அம்மா. கேட்டதில் தப்பில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

ஒரே வழி இருந்தது. பழைய தங்கம் எண்ணெய்ப் பிசினில் ஒட்டியது, தண்ணீருக்கு அசையாது. என்னுடையது தண்ணீரில் கரைத்த பசையில் ஒட்டியது. ஈரப்பஞ்சு பட்டால் கையோடு வந்துவிடும்.

பஞ்சை நனைத்தேன். ஒரு இலை அசையவில்லை. இன்னொன்றும் அசையவில்லை. அதற்கடுத்த இலையில் தங்கம் சுருண்டு வந்தது, அடியில் செம்மண் பச்சைப் புண்ணாகத் தெரிந்தது. எனக்கு அழுகை முட்டியது.

"ஆங், இதுதான்! மிச்சம் ரெண்டு?" என்றார் அந்த அம்மா.

இலை இலையாகத் தேடி அவற்றையும் துடைத்தேன். மூன்றாவது இலை மொட்டையானதும் வீட்டுக்காரர் குனிந்து, பக்கத்திலிருந்த பழைய இலையையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அடேங்கப்பா! வித்தியாசமே தெரியாம செஞ்சிருந்தியே!"

கல்யாணமான நாளிலிருந்து என் வேலையை அவர் பாராட்டியதே இல்லை. ஈரப்பஞ்சை அவர் மூஞ்சியிலேயே விட்டெறிந்தேன்.