கோரைமடைக்குப் போகும் பேருந்து

ஊர்ப் பெயர் கைமாறிய மறுநாளிலிருந்து, கோரைமடைக்குப் புறப்பட்ட எல்லோரும் கடல் தாண்டிய ஒரு நகரத்தில், கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் வாசலில் போய் இறங்கினார்கள். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து எப்போதும்போல இருபது நிமிடம்தான் ஆயிற்று. டிக்கெட்டும் ஏறவில்லை. பேருந்து மட்டும் திரும்பி வந்தது. ஆட்களுக்குத் திரும்பும் வழி இல்லை.

இது நடந்த விதம் எளிது. இணையத்தில் பெயர் என்பது ஒரு கைகாட்டி. பெயரைச் சொன்னால் அது ஓர் எண்ணைக் காட்டும், அந்த எண் இருக்கும் இடத்துக்கு வழி திறக்கும். கைகாட்டியை எந்தப் பக்கம் திருப்புவது என்பதற்கு உலகக் கூட்டம் ஒன்று உண்டு. அதில் அரசுகளுக்கு யோசனை சொல்ல நாற்காலி, நிறுவனங்களுக்கு விதி எழுத நாற்காலி, மற்றவர்களுக்கு ஆளுக்கு இரண்டு நிமிடம். கோரைமடை என்ற பெயர் வாயில் நன்றாக உருளுகிறதென்று ஒரு நிறுவனம் அதைத் தன் பெயராகக் கேட்டிருந்தது. மறுப்புச் சொல்ல, ஊர்த் தலைவரான வாழை விவசாயி செல்வமணியைக் காணொளியில் அழைத்தார்கள்.

கோரைமடைக் கூட்டத்தில் வெற்றிலைத் தட்டு சுற்றும். சம்மதிப்பவர் ஒரு வெற்றிலை எடுத்து ஒரு வார்த்தை பேசுவார். மறுப்பவர் கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் இருப்பார். ஒருவர் பேசாவிட்டாலும் காரியம் நின்றுவிடும். செல்வமணி கையைக் கட்டிக்கொண்டார்.

"பேசும்வே, நேரம் போகுது," என்றார் பக்கத்திலிருந்த நடராஜ்.

"சும்மா இரும்வே. வாயைத் தொறந்தா சம்மதம்னு ஆயிரும்."

இரண்டு நிமிடமும் மரியாதையாகக் காத்திருந்துவிட்டு, மறுப்பு ஏதுமில்லை என்று எழுதிக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள், தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரப் பேருந்தேறிய செல்வமணியின் மகள் பிரியதர்ஷினி போனில் கூப்பிட்டாள்.

"எப்பா, பஸ்ஸு என்னைய எங்கனயோ எறக்கி விட்டுட்டு. எல்லாம் கண்ணாடியா இருக்கு."

"கண்டக்டர் என்னம்மா சொல்லுதாரு?"

"கோரைமடை இதான்னு சொல்லுதாரு."

அவளிடம் போவது எளிது: ஊரைவிட்டு வெளியே வந்து, ஊருக்குத் திரும்பினால் போதும். ஆனால் பெயரைத் திரும்பக் கேட்டு அவர் மேல்முறையீடு செய்திருந்தார்; அப்படிச் செய்பவர் ஊரிலேயே இருக்க வேண்டும் என்பது விதி. எல்லையைத் தாண்டினால் வழக்கு செத்துவிடும். பெயர் திரும்பினால் மகளும் திரும்புவாள் என்று செல்வமணி தங்கிவிட்டார். பிள்ளை அந்த நிறுவனக் கட்டடத்தின் பார்வையாளர் சோபாவில் பிறந்தது. மக்கள் பங்கேற்பு என்று அதன் படத்தை நிறுவனம் ஆண்டறிக்கையில் போட்டது. உரம் வாங்கப் போனவர்கள், கல்யாணத்துக்குப் போனவர்கள், நடராஜ் என்று ஒவ்வொருவராக அங்கே போய் இறங்கி, நீலச் சட்டை போட்டுத் தரை துடைத்தார்கள். நான்காம் ஆண்டு தீர்ப்பு வந்தது: கோரைமடையில் வசிப்பவர் இப்போது ஒருவரே, ஒருவரை ஊர் என்று கொள்ள முடியாது, மனு தள்ளுபடி.

செல்வமணி ஒரு சீப்புப் பழத்தோடு ஸ்ரீவைகுண்டத்துக்கு நடந்து போய்ப் பேருந்து ஏறினார். கண்ணாடிக் கட்டடத்தின் மேசையில் நீலச் சட்டையோடு மகள் இருந்தாள்.

"எந்த ஊரு ஐயா?"

"கோரைமடை."

"அது எங்க கம்பெனி பேரு. ஊரு பேரைச் சொல்லுங்க." குனிந்து எழுதுவதுபோல மெல்லச் சொன்னாள்: "எப்பா, ஏதாவது ஒரு ஊரைச் சொல்லுங்க. மேல கேமரா பாக்கு."

ஸ்ரீவைகுண்டம் என்றார். அவள் பார்வையாளர் அட்டை எழுதிக் கொடுத்தாள். சோபாவில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை, வருகிறவர்கள் எல்லோருக்கும் காட்டுவதுபோல அவருக்கும் குடிதண்ணீர் இருக்கும் மூலையைக் காட்டியது. அவர் போய்க் குடித்தார்.