ஜெரோமின் பேஜ் டேபிள்

பெருங்களத்தூர் ஆபீசில் ஏழு வருஷம் மாடாய் உழைத்தவள் நான். ஹைப்பர்வைசர் வேலை, அதாவது ஒரே சிப்பில் பல இயங்குதளங்களைக் கட்டி மேய்க்கும் மென்பொருள், எனக்குத்தான் வரும் என்று அம்மாவிடம்கூடச் சொல்லி வைத்திருந்தேன். எங்கள் மேனேஜர் ரத்தினம் சார் அதைத் தூக்கி, சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத ஜெரோமிடம் கொடுத்தார். வயிறு எரிந்தது. பொறாமைதான், வேறென்ன?

"வெள்ளிக்கிழமைக்குள்ள போர்டு ஓடலைன்னா ஜீவிதாகிட்ட குடுத்துடுப்பா" என்று என்னைக் காட்டி அவனிடம் சொன்னார்.

எங்கள் ஆபீசில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்து ஓகே போடாமல் எதுவும் போர்டுக்கு, அதாவது சிப் பொருத்திய சோதனைப் பலகைக்கு, போகாது. வியாழக்கிழமை ஜெரோம் என்னிடமே வந்து நின்றான்.

"அக்கா, பேஜ் டேபிள் முடிச்சுட்டேன். நீங்க ஒருவாட்டி பாத்துட்டா எனக்கு நிம்மதி."

எந்த முகவரி நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்று பிராசஸருக்குச் சொல்லும் பட்டியல் அது. நாலே நாளில் அழகாக எழுதியிருந்தான், சனியன். அப்புறம்தான் கண்ணில் பட்டது. பட்டியலை இயக்கிவிடுகிற புரோகிராம் இருக்கும் நினைவகப் பக்கத்தையே பட்டியலில் சேர்க்கவில்லை. இயக்கிய அடுத்த நொடி, தான் எங்கே நிற்கிறோம் என்றே தெரியாமல் பிராசஸர் நின்றுவிடும். ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. நாளைக்கு நல்லா முழிக்கட்டும் என்று ஓகே போட்டேன்.

மறுநாள் போர்டு செத்த மாதிரி கிடந்தது. ஜெரோம் கேபிளை மாற்றினான், போர்டையே மாற்றினான், மதியம் சாப்பிடக்கூடப் போகவில்லை. நான் தயிர்சாதத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு வேடிக்கை பார்த்தேன். குளுகுளுவென்று இருந்தது.

நாலு மணிக்கு ரத்தினம் சார் வந்தார். "இன்னாப்பா, டேபிள்ல எதனா உட்டுட்டியா?"

"இல்ல சார். அத நான் திரும்பத் தொறந்துகூட பாக்கல. அக்கா ஓகே போட்டது, அதுல தப்பு இருக்காது. போர்டுலதான் ஏதோ கோளாறு."

சார் என் பக்கம் திரும்பினார். "நல்லா பாத்தல்லம்மா?"

தலையாட்டியிருந்தால் வேலை என்னுடையது. ஜெரோம் எனக்காகச் சாட்சி சொன்ன முகத்தோடு நின்றிருந்தான். என்னால் முடியவில்லை.

"பாத்தேன் சார். ஒரு பேஜ் விட்டுப்போனதையும் பாத்தேன். வேணும்னேதான் ஓகே போட்டேன்."

ஜெரோம் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைச் சேர்த்தான். பிறகு என் நாற்காலியைத் தாண்டிப் போய், பின்சீட்டு தீபாவிடம் ஓகே கேட்டான். அவளைப் பார்த்தும் எனக்கு வயிறு எரிந்தது.