வண்டியில் ஒரு ஒயர்

இருபத்தெட்டு வருஷத்தில் அந்த ராக் பேண்டிலிருந்து பதினோரு பேர் போயிருக்கிறார்கள். ஒருவரிடமும் முகத்துக்கு நேரே "நீ வேண்டாம்" என்று சொன்னதில்லை. அந்தத் தைரியம் யாருக்கு இருந்தது? பேண்டை ஆரம்பித்த பேஸ் கிட்டார்காரர், எல்லோருக்கும் 'தலைவர்', அதற்கென்று ஒரு வழி வைத்திருந்தார். ஒத்திகை நடுவில், "கீழ வண்டில ஒயர் ஒண்ணு கிடக்கும், எடுத்துட்டு வாப்பா" என்பார். வண்டியில் ஒயரும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. ஆள் தேடிக்கொண்டிருக்கும்போதே, பக்கத்து அறையில் காத்திருக்கும் புது ஆள் வந்து ஒரு பாட்டு வாசிப்பான். சரியாக வாசித்துவிட்டால் தீர்ந்தது கதை. வெறுங்கையோடு மேலே வருகிறவன் தன் இடத்தில் இன்னொருவனைப் பார்ப்பான். "பரவாயில்ல, உக்காரு, தண்ணி குடி" என்பார் தலைவர். என்ன பெரிய மனசு!

இன்று மூன்றாவது பாட்டு முடிந்ததும் டிரம்ஸ்காரன் குச்சிகளைக் கீழே வைத்தான். அவன் தலைவரின் மச்சினன். இருபது வருஷமாக அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வாசிக்கிறவன்.

"அத்தான், வண்டில ஒயர் ஒண்ணு இருக்கும். எடுத்துட்டு வரீங்களா?"

தலைவர் தன் இடது கையைப் பார்த்தார். ஆறு மாதமாக இடது கை விரல்கள் மரத்துப்போகின்றன. பழைய பாட்டு ஒன்றில் இரண்டு இடத்தில் தடுமாறுகிறார். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

"என்ன மாப்ளே, எங்கிட்டயேவா?"

"நிஜமாவே இருக்கு அத்தான்."

பாடகி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தலைவர் மூன்று மாடி இறங்கி வண்டியின் பின்கதவைத் திறந்தார். ஒயர் இருந்தது! புத்தம் புதுசு, கடை உறைகூடப் பிரிக்கவில்லை. அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சே, சொந்த மச்சினனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே! இரண்டிரண்டு படியாக ஏறினார்.

இரண்டாவது மாடியில் பாட்டு காதில் விழுந்தது. அவர் மெட்டுப் போட்ட அதே பழைய பாட்டு. அதில் பேஸும் கேட்டது.

சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "தப்பு பண்ணு, தப்பு பண்ணு" என்று வாய் முணுமுணுத்தது. புது ஆள் சொதப்பியதால் முன்பு இரண்டு பேர் பிழைத்திருக்கிறார்கள். அவர் தடுமாறும் முதல் இடம் வந்தது, போனது. இரண்டாவதும் வந்தது, போனது. படுபாவி, ஒரு பிசிறு இல்லை.

உள்ளே போனபோது புதுப் பெண் ஒருத்தி பேஸ் கிட்டாரோடு எழுந்து நின்றாள்.

"கிடைச்சுதா அத்தான்?"

"கிடைச்சுது. இதை யாரு வெச்சது?"

"நான்தான், காலைல வாங்கி வெச்சேன்." அவன் குச்சிகளைப் பார்த்தபடி சொன்னான். "மத்தவங்க மாதிரி நீங்களும் வெறுங்கையோட வந்து நிக்கிறத என்னால பாக்க முடியாது."

பதினோரு பேரில் ஒருத்தர் விஷயத்திலாவது இவருக்கு அப்படித் தோன்றியிருக்கிறதா? இல்லை. வெறுங்கையோடு வந்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"உக்காருங்க அத்தான். தண்ணி குடிங்க."

தலைவர் சுவரோரத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒயரை மடியில் வைத்துக்கொண்டார். மச்சினன் குச்சிகளைத் தட்டி, அடுத்த பாட்டுக்கு ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினான்.