கேபினுக்குள் தேடிய பாட்டில்

வெற்றிச்செல்வன் குடித்துவிட்டு வேலைக்கு வருகிறான் என்று தினகரன் சந்தேகப்பட்டான். மண்ணூர்பேட்டையில் கட்டடக் கம்பி செய்யும் இரும்பாலை அது. தினகரன் சூப்பர்வைசர். கூரைக்கு அடியில் ஓடும் கிரேனை வெற்றி ஓட்டினான். அன்று அவன் தூக்கிய கம்பிக்கட்டு, நிற்கவேண்டிய இடம் தாண்டிப் போய்த் தூணில் இடித்தது. நல்லவேளை, கீழே யாரும் இல்லை.

இறங்கி வந்தவனின் கால் பின்னியது.

"இன்னாடா, ஏத்திக்கினு வந்தியா?"

"தலவலி அண்ணாத்தே. வாந்தி வர்றாப்ல கீது."

தினகரன் நெருங்கி மோந்து பார்த்தான். தைல வாடைதான் அடித்தது. சரக்கு வாடையை மறைக்கத்தான் தைலம் என்று தோன்றியது. திருநின்றவூரில் இருந்த வெற்றியின் மனைவி மோகனப்பிரியாவுக்கே போன் போட்டான்.

"அவரு தொடவே மாட்டாரு சார். ஒரு வாரமாத்தான் இப்டி வர்றாரு. ஊட்டுல காத்தாட உக்காந்தா சரியாப் பூடுது."

புருஷனைக் காப்பாற்றுகிறாள் என்றே பட்டது. மறுநாள் வெற்றி சாப்பிடப் போனதும் தினகரன் ஏணியேறி, கிரேன் கேபினுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டான். இருக்கைக்கு அடியில், மெத்தைக் கிழிசலில், ஸ்விட்ச் பெட்டிக்குப் பின்னால் எல்லாம் துழாவினான். பாட்டில் இல்லை. விடாமல் மறுபடியும் தேடினான். நெற்றிப்பொட்டு தெறித்தது. கீழே எரியும் உலையின் வெக்கை என்று நினைத்தான். எழுந்தால் முழங்கால் துவண்டது. கதவின் கைப்பிடி கண்ணெதிரே இருந்தும் கைக்கு அகப்படவில்லை. தான் ஒரு சொட்டும் குடிக்கவில்லையே என்று நினைத்தபோதுதான் பயம் வந்தது.

ஹெல்மெட்டால் கண்ணாடியைத் தட்டினான். சத்தம் கேட்டு ஏறி வந்தது வெற்றிதான். கதவைத் திறந்து, பெல்ட்டைப் பிடித்து, படிப்படியாக இறக்கினான்.

ரத்தத்தைச் சோதித்த டாக்டர், கார்பன் மோனாக்சைடு என்றார். நிறமும் வாடையும் இல்லாத விஷவாயு. மேனேஜர் ராஜசேகரனோ வெயில் மயக்கம் என்று சாதித்தார்.

"உலைய நிறுத்திப் பாக்காம கிரேன்ல ஆளு ஏத்த மாட்டேன் சார்," என்றான் தினகரன்.

நிறுத்திப் பார்த்தார்கள். போன வாரம் பழுது பார்த்த புகைபோக்கியின் மூடுதகடு பாதியில் சிக்கிக் கிடந்தது. வெளியேற வேண்டிய புகையெல்லாம் கூரைக்கு அடியிலேயே தேங்கியிருந்தது. தகட்டைச் சரிசெய்து, கேபினுக்குள் வாயு அலாரமும் மாட்டினார்கள்.

"தப்பா நெனச்சிட்டேன் வெற்றி," என்றான் தினகரன்.

"என்னத் தப்பா நெனச்சது பரவால்ல அண்ணாத்தே. ஊட்டுக்கு ஏன் போன் பண்ணீங்க? அன்னிலேர்ந்து அவளும் என் வாயத்தான் மோந்து பாக்கறா."

ஞாயிற்றுக்கிழமை தினகரன் ரயிலேறித் திருநின்றவூர் போனான். மோகனப்பிரியா நாற்காலி போட்டாள். தப்பாக நினைத்ததிலிருந்து அலாரம் மாட்டியதுவரை அவன் சொல்ல, நின்றுகொண்டே முழுவதும் கேட்டாள்.

"அந்த அலாரம் ஒழுங்கா அடிக்குதா சார்? நீங்களே பாத்தீங்களா?"

"பாத்தேம்மா."

அதன் பிறகுதான் அவள் காபி போட உள்ளே போனாள்.