கழுத்துப் பட்டை

பொழுது விடியும் முன்பே வேலை தொடங்கிவிடும். மல்யுத்தக் கூடத்தின் பின்னறையில் அவள் ஒவ்வொரு கணுக்காலாகத் தன் தொடைமேல் தூக்கி வைத்து, பட்டையைப் பல்லால் கடித்துக் கிழித்து, இறுக்கிச் சுற்றினாள். ஐஸ் அள்ளி விரல்கள் விறைத்திருந்தன. ஜன்னல் இல்லாத அறை. வியர்வையும் தைலமும் கலந்த நாற்றம் சுவரிலேயே ஊறிப்போயிருந்தது.

அடிபட்டவர்களைப் பார்ப்பது அவள் வேலை. யார் களத்தில் இறங்கலாம், யார் கூடாது என்று சொல்வதும் அவள்தான் என்று சேரும்போது சொன்னார்கள். ஆனால் 'கூடாது' என்று அவள் சொல்லி ஒருதரம்கூட எடுபட்டதில்லை. முட்டி வீங்கியவன் வலிக்கு ஊசி போட்டுக்கொண்டு இறங்கினான். விலாவில் விரிசல் விட்ட சிறுத்தை — அங்கே எல்லோருக்கும் களத்துப் பெயர்தான் — மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். எல்லோரும் தங்குவது இதே கட்டடத்தில் முதலாளி நடத்தும் விடுதியில். அவளுக்கும் அதே கட்டடத்தின் மாடியில்தான் வீடு. படுத்த படுக்கையாகிவிட்ட கணவனைத் தூக்கிக்கொண்டு அவள் எங்கே போவாள்?

கரடி வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். நேற்றைய ஆட்டத்தில் தலைகுப்புற விழுந்தவன்.

"கழுத்து லேசாப் புடிச்சிருக்குக்கா. தடவி விட்டா சரியாயிடும்."

"என் விரலை இறுக்கிப் பிடி."

வலக்கை நெரித்தது. இடக்கையில் பிடியே இல்லை.

"மரத்துப்போச்சா?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "காலையில டம்ளர் நழுவிடுச்சு. வெளிய சொல்லிடாதீங்கக்கா. இன்னைக்கு இறங்கலைன்னா நாளைக்கு என் கட்டில்ல வேற ஒருத்தன் படுத்திருப்பான். எம் பொண்டாட்டி வேற முழுகாம இருக்கா."

"இன்னொரு தடவை இப்படி விழுந்தா, பொறக்கப்போற பிள்ளையைத் தூக்கக் கை இருக்காதுடா."

அவனைப் பெஞ்சில் மல்லாத்திப் படுக்க வைத்துக் கழுத்துப் பட்டையை மாட்டினாள். அப்போதுதான் முதலாளி உள்ளே வந்தார்.

"என்னம்மா, மாப்பிள்ளைக்கு மாலை போட்டுப் படுக்க வெச்சிருக்கீங்க? சாயந்திரம் இவனைப் பாக்கத்தான் கூட்டமே வருது."

"நரம்பு நசுங்கியிருக்கும்போல சார். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். இறங்கக் கூடாது."

"விழுறது இவங்க வேலை. கட்டுப் போடுறது உங்க வேலை. மத்தது என் வேலை."

"தெரிஞ்சே அனுப்ப முடியாது சார்."

"அப்ப நீங்க கிளம்பலாம். 'சரி'ன்னு சொல்ல ஆளா கிடைக்காது? மாடியைக் காலி பண்ண எவ்வளவு நேரம் ஆகும்?"

போனால், அடுத்து வருபவன் தலையாட்டுவான். இருந்தால், அவளே தலையாட்ட வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

"கழட்டுடா அதை" என்றார் முதலாளி. கரடியின் வலக்கை பட்டையை நோக்கி எழுந்தது.

"தொடாதே!"

கத்தியது, கட்டுக்காகச் சுவரோரம் உட்கார்ந்திருந்த கொக்கு. நேற்றுக் கரடியைத் தூக்கிப் போட்டவன். களத்தில் அவனுக்குப் பரம விரோதி.

"இன்னைக்கும் இவனைத் தூக்கிப் போடப்போறது நான்தானே சார்? போட மாட்டேன்."

"உன் இடத்துல வேற ஆள் போடுவான்."

"யாரு?" என்று சிறுத்தை விலாவைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "நான் மாட்டேன்." மற்றவர்களின் கட்டுப் போட்ட கால்களும் ஒவ்வொன்றாகத் தரையில் ஊன்றின. யாரும் களத்துப் பக்கம் திரும்பவில்லை.

"வெளிய காலை வெச்சா ஒருத்தனும் உள்ள வர முடியாது!" முதலாளியின் குரல் பிசிறியது. "வண்டிச் சாவியும் தர மாட்டேன்."

"பெரிய ரோடு வரைக்கும் பெஞ்சோட தூக்கிட்டுப் போவோம். அங்க வண்டி கிடைக்கும்" என்றான் கொக்கு.

மேலே மாடியில் கணவன் படுத்திருக்கும் பக்கமாக அவள் ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். சிறுத்தைக்குப் புரிந்துவிட்டது. "மாமாகிட்ட நான் இருக்கேன்கா. என்னைத் தாண்டி எவன் கட்டிலை நகத்துறான்னு பாக்கறேன்."

கரடியின் கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. அவள் அவன் தலையை இரு கைகளாலும் அசையாமல் தாங்கிக்கொண்டாள். பெஞ்சின் இரு பக்கமும் ஆட்கள் குனிந்தார்கள். வாசலை மறித்துக்கொண்டு முதலாளி நின்றார்.

"அவசரப்படாதீங்க. ஒருத்தர் முந்தினாலும் இவன் கழுத்து போயிடும்" என்றாள். "நான் சொல்லும்போது, எல்லாரும் ஒண்ணா... தூக்குங்க!"