ஒரு சாண் சந்தனம்

நாச்சியம்மாள் கணவரின் நெற்றியில் கலைந்திருந்த திருநீற்றை மறுபடி பூசிக்கொண்டிருந்தபோது வனத்துறை வாட்சர் சின்னான் உள்ளே வந்தான். காக்கிச் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. கையில் துண்டில் சுற்றிய பொட்டலம்.

துடியலூரில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்த அவள் கணவர் பாலுசாமி, நேற்று மாலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கடையிலேயே சாய்ந்துவிட்டார். ஆறு நாள் கடை, ஞாயிறானால் காடு. கோடைக்கு முன்னால் சின்னானோடு சேர்ந்து தீத்தடுப்புக் கோடு வெட்டுவார், பாட்டில் பொறுக்குவார். சம்பளம் கிடையாது, சோறும் வீட்டுச் சோறுதான். அங்கே சக்களத்தி யாராவது இருக்கிறாளா என்று நாச்சியம்மாளே கிண்டல் செய்வாள். ஒருமுறை ஆசைப்பட்டு அவளும் போனாள். மடியில் நாலு நெல்லிக்காய் முடிந்து வந்ததைக் கண்டுபிடித்து, வந்த பஸ்ஸையும் விட்டு, திரும்ப நடக்கவைத்து அங்கேயே கொட்டவைத்த மகராசன் அவர். ஒரு வாரம் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சின்னான் துண்டைப் பிரித்தான். ஒரு சாண் சந்தனக்கட்டை. சந்தனக் கடத்தலுக்குப் பயந்து செக்போஸ்ட்டில் சோற்றுத் தூக்குப்போசியைக்கூடத் திறந்து பார்க்கிற காலம் அது.

"காத்துல உழுந்த மரமுங்கக்கா. அண்ணனுக்கு வெறும் வேலாங்கட்டைய அடுக்க மனசு வரலீங்க."

அவளுடைய அண்ணன் அப்புசாமி குனிந்து, "வாங்கிக்க அம்மணி. மாப்பிள்ளை ராசாவாட்டம் போகட்டும்" என்றார்.

அவளுக்கும் ஆசைதான். வாழ்நாளெல்லாம் கிரீஸ் வாடையோடு கிடந்த மனுஷன், இன்றைக்காவது மணக்க மணக்கப் போகட்டுமே. கட்டையை முகர்ந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"வேண்டாஞ் சின்னா. இத வெச்சா மனுசன் எந்திரிச்சு உக்காந்து சண்டைக்கு வந்துருவாரு. நாளைக்கு உன் வேலைக்கு வேட்டு வெச்சுப்போட்டாங்கன்னா?"

"வேறென்னத்தக்கா நான் அவருக்குக் குடுப்பேன்?" என்றான் சின்னான்.

அவள் உடம்பின் மேலிருந்த சாமந்தியை ஒதுக்கினாள். கட்டையைக் கணவரின் கைக்கும் விலாவுக்கும் நடுவே வைத்தாள்.

"தூக்கற வரைக்கும் இருக்கட்டும். அப்பறம் எடுத்த எடத்துலயே கொண்டுபோய்ப் போட்டுரு."

மதியம் சங்கு ஊதினார்கள். நாச்சியம்மாள் குனிந்து கட்டையை மெதுவாக உருவிச் சின்னானிடம் கொடுத்தாள். அது கிடந்த இடத்தில் சாமந்தி விலகிச் சின்னப் பள்ளமாயிருந்தது. நாத்தனார் பழனாத்தாள் பூவை இழுத்து மூடக் கை நீட்டினாள்.

"உடுங்க நங்கையா" என்றாள் நாச்சியம்மாள். "அப்படியே இருக்கட்டும்."